ஒரு கட்டளை, இரு தொழில்

நுழையும்முன்

மனிதரிடம் பேசும்போது, நாம் சொன்னதைவிடச் சொல்ல நினைத்ததையே கேட்பவர் புரிந்துகொள்வதுண்டு. குரலும் முகமும் சூழலும் சொல்லின் குறையை நிரப்பிவிடும். கணினியிடம் அந்தச் சலுகை இல்லை. நாம் இட்ட சொல்லை மட்டுமே அது அறியும். உலகெங்கும் நிரலாளர்கள் நாள்தோறும் கையாளும் ஒரு கருவியில், ஒரே கட்டளைச்சொல் பதினான்கு ஆண்டுகள் இருவேறு தொழில்களைச் சுமந்து நின்றது. பின்னர் அத்தொழில்களுக்கு இரு தனிச்சொற்கள் பிறந்தன. அந்த வரலாற்றை விளக்குகிறது இப்பாடம்.

பதிப்புகள் பெருகும் விதம்

பள்ளி ஆண்டு மலருக்கு நீங்கள் கணினியில் ஒரு கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். முதல் வடிவத்திற்குக் 'கட்டுரை' என்று பெயரிடுகிறீர்கள். ஆசிரியர் திருத்தம் சொல்கிறார். பழையதை அழிக்க மனம் வராமல் 'கட்டுரை புதியது' என்று மற்றொரு கோப்பு பிறக்கிறது. பிறகு 'கட்டுரை இறுதி' வருகிறது. அதன்பின் 'கட்டுரை மெய்யான இறுதி'. அச்சகத்திற்கு எது போயிற்று என்பது மலர் வெளிவந்த பிறகுதான் தெரியும். ஒருவர் எழுதும் நான்கு பக்கக் கட்டுரைக்கே இந்த நிலை என்றால், ஆயிரக்கணக்கானோர் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு எழுதும் மென்பொருளின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுந்தவையே பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள். ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை இவை வரிவரியாகக் காத்துவைக்கும். வேண்டும்போது பழைய வடிவத்தை எடுத்துத் தரும். இவற்றுள் இன்று மிகுதியாக வழங்குவது 'கிட்' என்பதாகும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உருவாக்கிய பின்லாந்து நாட்டவரான லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைப் படைத்தார். லினக்ஸ் பணிக்கு 2002 முதல் பயன்பட்டுவந்த வேறொரு கருவியைக் கட்டணமின்றிக் கையாளும் வாய்ப்பு 2005இல் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று கிட், தன் சொந்த நிரலையே தன்னுள் பதிவுசெய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சில மாதங்களில் அதன் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோ என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சில நாள்களில் பிறந்த கருவி என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். அவசரத்தில் பிறந்த குழந்தைக்கு அருகில் இருந்தவர் வாயில் வந்த பெயரே நிலைத்துவிடுவதைப் போல, கிட்டின் கட்டளைகள் பலவற்றுக்கும் அன்று கைக்கு எட்டிய பெயர்களே நிலைத்தன.

மூன்று இடங்கள்

கட்டளைகளின் பொருள் விளங்க, கிட் நம் எழுத்தை வைத்திருக்கும் இடங்களை முதலில் அறியவேண்டும். ஆண்டு மலரையே எடுத்துக்கொள்வோம். மலர்க்குழு ஆசிரியரின் மேசைமேல் கட்டுரைகள் பரந்து கிடக்கின்றன. அங்கே அடித்தலும் திருத்தலும் நடக்கும். இது பணியிடம். திருத்தி முடித்தவற்றை அவர் எடுத்து ஒரு தட்டில் அடுக்குகிறார். அச்சுக்கு அனுப்பத் தக்கவை இவை என்பது பொருள். இது ஆயத்த இடம். தட்டில் உள்ளவற்றைத் தொகுத்து, நாளும் குறிப்பும் இட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். அது களஞ்சியம். அவ்வாறு பூட்டிவைத்த ஒவ்வொரு தொகுப்பும் ஒரு பதிவு.

அலமாரிக்குள் சென்ற பதிவு எளிதில் தொலையாது. தட்டில் உள்ளதற்கும் ஒரு படி எடுத்துவைக்கப்படுகிறது. மேசைமேல் இருப்பது மட்டும் யாருடைய காவலிலும் இல்லை. காற்று அடித்தால் பறந்துவிடும். இப்பாடத்தில் பின்னால் வரும் இழப்புகளெல்லாம் மேசைமேல் நிகழ்பவையே.

இனிக் 'கிளை'. மலரின் கவிதைப் பகுதியை ஒருவரும் கட்டுரைப் பகுதியை மற்றொருவரும் ஒரே காலத்தில் திருத்தவேண்டும் என்றால், பதிவுகளின் வரிசை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து தனித்தனியே வளரலாம். அவ்வாறு வளரும் ஒவ்வொரு வரிசையும் ஒரு கிளை. பின்னர் அவற்றை இணைத்துக்கொள்ளலாம். மரத்தின் கிளையைப் போல இது பருமனான பொருள் அன்று. கிளையின் கடைசிப் பதிவு எது என்று சுட்டும் ஒரு குறிப்புச்சீட்டு மட்டுமே. நாம் இப்பொழுது எந்தக் கிளையில் நிற்கிறோம் என்பதைக் காட்ட இன்னொரு சீட்டு உண்டு. அதனைத் தலைக்குறி என்று கொள்வோம்.

எடுத்துச்செல்லுதல் என்னும் சொல்

கிட்டில் கட்டளைகளை விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் தட்டவேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறோம். நாம் காணவிருக்கும் கட்டளை 'கிட் செக்அவுட்'.

நூலகத்தில் ஒரு நூலைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வதை ஆங்கிலத்தில் 'செக்அவுட்' என்பர். 1980களின் தொடக்கத்தில் வால்ட்டர் டிக்கி உருவாக்கிய ஆர்.சி.எஸ். என்னும் பதிப்புக் கருவியில் இச்சொல் பொருத்தமாகவே இருந்தது. ஒரு கோப்பைத் திருத்த விரும்புபவர் அதைப் பூட்டுடன் எடுத்துச் செல்வார். அவர் திருப்பித் தரும்வரை பிறர் திருத்த இயலாது. ஒரு நூல், ஒரு வாசகர். பின்னர் வந்த கருவிகளில் பூட்டு தளர்ந்தது. மையக் கணினியில் உள்ள தொகுப்பின் படியைத் தம் கணினிக்குக் கொண்டுவருவதே அங்கு 'செக்அவுட்' எனப்பட்டது.

கிட்டில் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. ஒவ்வொருவரும் நூலகம் முழுவதையுமே படியெடுத்துத் தம்மிடம் வைத்திருப்பர். அதற்குக் 'குளோன்' என்று தனிக்கட்டளை உண்டு. ஆகவே எடுத்துச்செல்லுதல் என்னும் சொல்லுக்கு அதன் பழைய வேலை இல்லாமற்போயிற்று. பெயர் மட்டும் எஞ்சி நின்றது. அந்தப் பெயரின் கீழ் இரண்டு வேலைகள் வந்து சேர்ந்தன.

முதலாவது, ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு மாறுதல். 'கிட் செக்அவுட்' என்று எழுதி அதனை அடுத்துக் கிளையின் பெயரை எழுதினால் நாம் அக்கிளைக்குச் செல்வோம். இரண்டாவது, ஒரு கோப்பில் நாம் செய்த மாற்றங்களைக் கைவிட்டுப் பழைய வடிவத்தை அதன்மேல் எழுதுதல். 'கிட் செக்அவுட்' என்று எழுதி அதனை அடுத்துக் கோப்பின் பெயரை எழுதினால் இது நிகழும்.

கருவியைப் படைத்தவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொழில்தான். சேமிப்பில் உள்ளதை எடுத்து மேசைமேல் வைத்தல் என்று அவர் சொல்வார். பொறியின் உள்ளே நடப்பதும் ஏறத்தாழ அதுவே. ஆனால் மேசையருகே அமர்ந்திருப்பவருக்கு முதலாவது இடப்பெயர்ச்சி, இரண்டாவது அழிப்பு. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதும், கையிலுள்ள தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுப்பதும் அவருக்கு ஒன்றாகுமா? பெயர், செய்பவரின் நோக்கத்திலிருந்து பிறக்காமல் பொறியின் உள்ளமைப்பிலிருந்து பிறந்தது. சிக்கலின் வேர் இதுவே என்பது என் கருத்து.

இவ்விரு தொழில்களும் காட்டும் கவனமும் வேறு வேறானது. கிளை மாறும்போது கிட் மிகவும் எச்சரிக்கையாக இருக்கும். நாம் பதிவுசெய்யாத மாற்றம் ஏதேனும் அழிந்துபோகும் நிலை இருந்தால், மாற மறுத்துவிடும். எந்தக் கோப்பு அழியக்கூடும் என்றும் சொல்லும். கோப்பை மீட்கும்போதோ அது எதையும் கேட்பதில்லை. மாற்றத்தை அழிப்பதுதான் அங்கு நாம் இட்ட ஆணை. ஆணையிட்டவரிடம் மீண்டும் கேட்பது ஏன் என்று அது கருதுகிறது. ஒரே சொல், ஓரிடத்தில் காவலாளி, மற்றோரிடத்தில் கத்தரிக்கோல்.

கட்டளைக்குப்பின் நாம் எழுதும் பெயர் கிளையின் பெயரா, கோப்பின் பெயரா என்பதைக் கிட் எவ்வாறு அறியும்? அப்பெயரில் ஒரு கிளை இருந்தால் கிளை என்றே கொள்ளும். அதே பெயரில் கோப்பும் இருந்தால்கூட, அந்த ஒரு பெயரை மட்டும் எழுதியிருக்கும்போது, கிளைக்கே முன்னுரிமை. கிளை இல்லாமல் கோப்போ கோப்புறையோ மட்டும் இருந்தால், மீட்கவேண்டும் என்று கொள்ளும். பெயருக்கு முன் இரண்டு சிறு கோடுகளை இட்டு, 'இனி வருவது கோப்பின் பெயர்' என்று தெளிவுபடுத்தும் வழி ஒன்று உண்டு. அதனை நினைவில் வைத்திருப்போர் குறைவு. பெயருக்கு மாற்றாக ஒற்றைப் புள்ளியை இட்டால், நாம் நிற்கும் கோப்புறையில் உள்ள அனைத்தும் பழைய வடிவுக்குத் திரும்பும். ஒரு நாள் உழைப்பை அழிக்க ஒரு புள்ளி போதும்.

இரண்டு இரவுகளின் இழப்பு

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. எங்கள் பகுதி மாணவர்கள் பல ஆண்டுகளாகத் தம் வீட்டு முதியோரிடம் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதிவைத்த பழமொழிகள் என்னிடம் இருந்தன. பொறியியல் பயின்றுவந்த என் முன்னாள் மாணவர் ஒருவர், தம் நண்பருடன் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்ற முன்வந்தார். 'பழமொழி' என்னும் கோப்புறைக்குள், முதலெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. கிட் கருவியில்தான் தொகுத்தனர்.

தட்டச்சு முடிந்தபின் பிழை திருத்தும் பணி நடந்தது. மாணவர் இரண்டு இரவுகள் அமர்ந்து பதினொரு கோப்புகளைத் திருத்தினார். சில பழமொழிகளில் ஒரு சொல் விளங்கவில்லை; அவற்றை முதலில் சொன்ன மூதாட்டியிடமே தொலைபேசியில் கேட்டு, அவர் சொன்ன வடிவத்தையும் விளக்கத்தையும் நேராகக் கோப்பிலேயே எழுதினார். எதையும் அதுவரை பதிவுசெய்யவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒன்றாகப் பதிவுசெய்யலாம் என்பது அவர் எண்ணம். அந்நேரத்தில் நண்பர் தம் திருத்தங்களுக்காக ஒரு கிளை தொடங்கியிருப்பதாகவும், அதன் பெயரும் 'பழமொழி' என்றும் தெரிவித்தார். அக்கிளை நண்பரின் கணினியில்தான் இருந்தது. மாணவரின் கணினிக்கு இன்னும் வரவில்லை. இதை உணராமல், அக்கிளைக்குச் செல்லும் நோக்கத்தில் 'கிட் செக்அவுட் பழமொழி' என்று அவர் தட்டினார்.

அப்பெயரில் கிளை இல்லை, கோப்புறை இருந்தது. பதினொரு கோப்புகள் புதுப்பிக்கப்பட்டன என்று திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவே.

மறுநாள் காலை அவர் என்னிடம் வந்து, "ஐயா, நான் போகச் சொன்னேன், அது அழித்துவிட்டது" என்றார். இச்சிக்கலை இதைவிடச் சுருக்கமாக வேறெவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதுமென்பொருளில் திறந்தபடி இருந்த இரண்டு கோப்புகளை மட்டும் மீட்க முடிந்தது. தட்டச்சுப் பிழைகளைக் குறிப்பேட்டைப் பார்த்து மீண்டும் திருத்தினோம். மூதாட்டி சொன்ன விளக்கங்கள் குறிப்பேட்டில் இல்லை. அவரிடம் மறுபடியும் கேட்டோம். சிலவற்றைச் சொன்னார், சிலவற்றை அன்று சொன்னதுபோல் அவருக்குச் சொல்ல வரவில்லை.

சொல்லைப் பிரித்தல்

தமிழ் இலக்கணத்தில் ஒருபொருள் குறித்த பலசொல், பலபொருள் குறித்த ஒருசொல் என்னும் பாகுபாட்டை நீங்கள் படித்திருப்பீர்கள். செய்யுளில் இவை அழகு தருவன. ஒரே பாடல் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்துமாறு காளமேகப் புலவர் பாடியதைக் கேட்டு மகிழ்கிறோம். இருபொருளில் எதனைக் கொண்டாலும் அங்கு யாருக்கும் இழப்பில்லை. கட்டளை மொழிக்கு இந்தச் செல்வம் ஆகாது.

கிட்டில் இரு வகையும் உண்டு. நாம் ஆயத்த இடம் என்று சொன்னதற்கே 'இன்டெக்ஸ்', 'கேச்', 'ஸ்டேஜிங்' என மூன்று பெயர்கள் அக்கருவியின் கையேட்டிலும் கட்டளைகளிலும் கலந்து வழங்குகின்றன. இது புதிதாகக் கற்பவரைக் குழப்பும். ஆனால் எழுதியதை அழிக்காது. ஒருசொல் பலபொருள் கொள்ளும்போதுதான் அழிவு நேர்கிறது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று வெளியான கிட் 2.23 பதிப்பில் இரண்டு புதிய கட்டளைகள் சேர்க்கப்பட்டன. கிளை மாறுவதற்கு 'சுவிட்ச்'. கோப்பை மீட்பதற்கு 'ரீஸ்டோர்'. முதலாவதற்குப்பின் கோப்பின் பெயரை எழுதினால் அது கோப்பைத் தொடாது. அப்பெயரில் கிளை இல்லை என்று சொல்லி நின்றுவிடும். இரண்டாவது, நாம் நிற்கும் கிளையை ஒருபோதும் மாற்றாது. என் மாணவர் அன்று 'கிட் சுவிட்ச் பழமொழி' என்று தட்டியிருந்தால், ஒரு பிழைச்செய்தி வந்திருக்கும். நண்பரின் கிளை இன்னும் வந்துசேரவில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

வேறு கிளைக்குச் செல்ல: கிட் சுவிட்ச், கிளையின் பெயர்.
புதிய கிளை தொடங்கி அதற்குச் செல்ல: கிட் சுவிட்ச் -சி, புதுப்பெயர்.
சற்றுமுன் நின்ற கிளைக்குத் திரும்ப: கிட் சுவிட்ச், ஒற்றைக் கோடு.
மேசைமேல் உள்ள மாற்றத்தைக் கைவிட: கிட் ரீஸ்டோர், கோப்பின் பெயர்.
ஆயத்தத் தட்டிலிருந்து மட்டும் விலக்க: கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு, கோப்பின் பெயர்.

மற்றொரு நன்மையும் விளைந்தது. பழைய கட்டளைக்குப்பின் கிளையின் பெயருக்கு மாற்றாக ஒரு பதிவின் அடையாள எண்ணை எழுதினால், கிட் நம்மை நேராக அப்பதிவுக்கு அழைத்துச் செல்லும். பழைய மலரைப் புரட்டிப் பார்ப்பதற்கு அது நல்ல வழிதான். ஆனால் அப்போது நாம் எந்தக் கிளையிலும் நிற்பதில்லை. தலைக்குறி கிளையினின்று கழன்றுவிடுகிறது. அந்நிலையில் புதிதாகப் பதிவுசெய்துவிட்டு வேறு கிளைக்குப் போனால், அப்பதிவுகளைச் சுட்ட எந்தச் சீட்டும் இராது. திரையில் எச்சரிக்கை வரும் என்பது உண்மையே. தொடக்கநிலையினர் அந்நீண்ட செய்தியைப் படிப்பது அரிது. 'சுவிட்ச்' இவ்வாறு செல்ல இசையாது. அவ்வாறுதான் செல்லவேண்டும் என்றால் 'டிட்டாச்', அதாவது கழற்று, என்னும் சொல்லையும் நாம் சேர்த்து எழுதவேண்டும். அரிதான, இடர் தரும் செயலைச் செய்பவர் அதனைத் தம் வாயால் சொல்லிவிட்டுச் செய்யட்டும் என்னும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் உகந்தது.

ஆயத்தத் தட்டிலிருந்து ஒரு கோப்பை விலக்குவதற்கு முன்பெல்லாம் 'ரீசெட்' என்னும் கட்டளையைப் பயன்படுத்தினர். அதுவும் பலதொழில் செய்யும் சொல். ஒருவகையாக எழுதினால் தட்டில் உள்ளதை மட்டும் விலக்கும். மேசைமேல் உள்ளது அப்படியே இருக்கும். 'ஹார்டு' என்னும் அடைமொழியைச் சேர்த்தால், தட்டையும் மேசையையும் துடைத்துவிட்டுப் பழைய பதிவை விரிக்கும். கிளையின் சீட்டையே பின்னோக்கி நகர்த்தவும் செய்யும். இவ்வளவு வேறுபாடு ஓர் அடைமொழியில் தங்கியிருந்தது. புதிய பதிப்புக்குப்பின், 'கிட் ஸ்டேட்டஸ்' என்று நிலைமையைக் கேட்டால் கிட் திரையில் காட்டும் அறிவுரையிலும் 'ரீஸ்டோர்' என்னும் சொல்லே இடம்பெறத் தொடங்கியது.

பழைய 'செக்அவுட்' நீக்கப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட தானியங்கு நிரல்கள் அச்சொல்லை நம்பி நிற்கின்றன; நீக்கினால் அவையெல்லாம் நின்றுவிடும். புதியவை இரண்டும் 'சோதனை நிலையில் உள்ளவை' என்னும் குறிப்போடு வெளிவந்தன. அக்குறிப்பு 2025இல் வெளியான 2.51 பதிப்பில்தான் எடுக்கப்பட்டது. ஒரு சொல்லைப் பயன்பாட்டில் விடுவது எளிது, திரும்பப் பெறுவது அரிது என்பதை மொழி பயில்வோருக்கு விளக்க வேண்டியதில்லை.

புதிய சொல்லிலும் ஒரு குறை

'ரீஸ்டோர்' என்பது மீட்டல். தொலைந்தது திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அச்சொல் தருகிறது. உண்மையில் நடப்பது என்ன? பழைய வடிவம் மீள்கிறது. அதன்பொருட்டுப் புதிய வடிவம் போய்விடுகிறது. இழந்த திருத்தத்தை மீட்க எண்ணி ஒருவர் இக்கட்டளையை இட்டால், எஞ்சியிருப்பதையும் இழப்பார். 'செக்அவுட்' செய்த அழிப்பை 'ரீஸ்டோர்' செய்யாது என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. அதே அழிப்பையே, அதே போல் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்யும். வேறுபாடு ஒன்றே: போக நினைத்தவர் தவறிச் சென்று இதனுள் விழமாட்டார். 'கைவிடு' என்னும் பொருள் தரும் சொல்லை அவர்கள் தேர்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

'ரீ' என்னும் ஒரே முன்னொட்டுடன் தொடங்கும் 'ரீசெட்', 'ரீஸ்டோர்', 'ரிவர்ட்' என்னும் மூன்றும் அருகருகே நின்று குழப்புவதும் உண்மை. அதனை உணர்ந்தே, கிட்டின் கையேடு இம்மூன்றின் வேறுபாட்டை விளக்குவதற்கெனத் தனிப்பகுதி ஒன்றை ஒதுக்கியுள்ளது. மூன்றனுள் அச்சமின்றிக் கையாளத்தக்கது 'ரிவர்ட்'. அது எதனையும் அழிப்பதில்லை. முன்பு செய்ததற்கு எதிரான மாற்றத்தைப் புதிய பதிவாக எழுதி வரலாற்றில் சேர்க்கிறது. கணக்கேட்டில் தவறான பதிவை அடித்துக் கறையாக்காமல், கீழே எதிர்ப்பதிவு எழுதிச் சரிசெய்யும் கணக்கரின் வழக்கத்தை ஒத்தது இது. பிறருக்கு அனுப்பிவிட்ட பதிவைத் திருத்தவேண்டுமாயின் இதுவே தக்க கட்டளை.

பிறர் எழுத்தும் அழியலாம்

இதுவரை கண்டவை தம் மேசைமேல் தாமே செய்துகொள்ளும் இழப்புகள். கூட்டுப்பணியில் பிறருடைய உழைப்பையும் ஒரு சொல் அழிக்கவல்லது. நம் பதிவுகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும் கட்டளை 'புஷ்'. அங்கே நாம் அறியாத பதிவுகள் இருந்தால் கிட் ஏற்க மறுக்கும். 'ஃபோர்ஸ்', அதாவது வலிந்து, என்னும் அடைமொழியைச் சேர்த்தால் அம்மறுப்பைப் புறந்தள்ளி நம் வரிசையை அங்கே நிறுத்திவிடும். இடையில் நண்பர் அனுப்பியிருந்த பதிவுகள் அக்கிளையிலிருந்து விழுந்துவிடும்.

2013இல் இதற்கு மாற்றாக 'ஃபோர்ஸ் வித் லீஸ்' என்னும் அடைமொழி வந்தது. பொதுக் களஞ்சியத்தின் கிளை, நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே இருந்தால் மட்டும் இது வலிந்து எழுதும். இடையில் வேறொருவர் எதையேனும் சேர்த்திருந்தால் நின்றுவிடும். செய்கை நன்று. பெயர்தான் புதிர். 'லீஸ்' என்பது குத்தகை. கிளையை நாம் குத்தகைக்கு எடுத்திருப்பதாகக் கொண்டு அக்குத்தகை இன்னும் செல்லுமா என்று பார்க்கிறதாம். இதுவும் பொறியைப் படைத்தவரின் இருக்கையிலிருந்து பிறந்த பெயரே. மேலும், இடர் மிகுந்த 'ஃபோர்ஸ்' என்பதனை ஒரே எழுத்தால் சுருக்கி எழுதலாம். காவலுடைய அடைமொழியையோ முழுமையாக எழுதவேண்டும். எது கைக்கு எளிது என்பதைவிட எது பிறருக்குத் தீங்கற்றது என்பதைப் பார்த்து எழுதும் பொறுமை, கூட்டாகப் பணிபுரிவோருக்கு வேண்டும்.

நீண்ட கட்டளைகளுக்கு நாமே குறும்பெயர் சூட்டிக்கொள்ளக் கிட் இடம் தருகிறது. 'புஷ் ஃபோர்ஸ் வித் லீஸ்' என்பதற்கு இரண்டெழுத்துப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கருவியில் முன்னரே உள்ள கட்டளையின் பெயரை எடுத்து அதற்கு வேறு பொருள் கொடுக்க இயலாது. அவ்வாறு சூட்டிய பெயரைக் கிட் பொருட்படுத்தாது. 'செக்அவுட்' என்பதற்கு நம் விருப்பப்படி புதுப்பொருள் தந்து அதனை அடக்கிவிடலாம் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு.

பழமொழித் தொகுப்பின் பணி அவ்விழப்புக்குப்பின் ஏழு வாரங்கள் நடந்தது. மாணவரும் நண்பரும் தங்களுக்குள் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டனர். கோப்பின் மாற்றத்தைக் கைவிடும் முன் 'கிட் டிஃப்' கட்டளையால் எதைக் கைவிடுகிறோம் என்று வரிவரியாகப் பார்ப்பது. ஐயமிருந்தால் 'ஸ்டாஷ்' கட்டளையால் அம்மாற்றங்களை ஒருபுறம் எடுத்துவைப்பது. எவ்வளவு சிறிதாயினும் ஒவ்வொரு கோப்பும் முடிந்தவுடன் பதிவுசெய்வது. மூதாட்டி மீண்டும் சொன்ன விளக்கங்கள் அன்றன்றே பதிவாயின. நண்பரின் கிளைக்குப் 'பழமொழித் திருத்தம்' என்று பொருள்படும்படி, கோப்புறையின் பெயரோடு மோதாத வேறு பெயர் இட்டனர். கணினிக்கு ஏற்ப இரு சொற்களுக்கும் இடையே ஒரு சிறு கோடும் சேர்த்தனர்.